உதிர்ந்த தாடி மயிரில் இருபத்தாறு கிழமை

வலது கன்னத்தில் ஒரு சிவந்த வட்டம். அதற்குள் பதினொரு தாடி மயிர் முறிந்து நின்றது. மறுநாள் எண்ணினேன்: பதினான்கு.

ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மா சாவணத்தால் ஆறு மயிர் பிடுங்கிச் சோதித்தார். படர்தாமரை (தோலிலும் மயிரிலும் பற்றும் பூஞ்சை). ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாள், குளிசை விழுங்கச் சொன்னார்.

"தாடியை வழிச்சால் கெதியாச் சுகம் வரும், ஐயா. உங்கட விருப்பம்."

நாற்பத்தொரு வருடத் தாடி. வழிக்கவில்லை. சுகம் வந்தது, குளிசை முடிந்து ஐந்து கிழமையில் வட்டமும் திரும்பி வந்தது. மறுபடி ஆறு கிழமை குளிசை. எட்டுக் கிழமை கழிய மூன்றாவது வட்டம்.

"வாப்பா, மயிர்தானே, திரும்ப முளைக்கும். வழிச்சுப்போட்டு நிம்மதியா இருங்கோவன்" என்றாள் மகள்.

"கணக்கு வாத்தியாருக்குக் காளானும் கணக்காத்தான் வருது" என்றாள் மனைவி.

பூஞ்சைக்குத் தோற்று வழிப்பதில்லை என்று சொல்லிவிட்டேன்.

டொக்டர் இம்முறை வேறொன்று கேட்டார். "விழுற மயிரை என்ன செய்யிறனீங்கள்?"

நாங்கள் உதிர்ந்த மயிரை எறிவதில்லை, புதைப்போம். நான் வருடத்துக்கு ஒருமுறை, நோன்புக்கு முன் புதைப்பவன். அதுவரை வெள்ளிக்கிழமைதோறும் கடதாசியில் மடித்து, திகதியும் தொகையும் எழுதி, பிஸ்கட் டின்னில் வைப்பேன். சீப்பும் அதற்குள்தான்.

"டின்னைக் கொண்டு வாங்கோ."

முதல் வட்டம் வந்த கிழமையின் பொட்டலத்தை எடுத்தார். அதற்கு வயது இருபத்தாறு கிழமை. வளர்ப்புச் சோதனைக்கு (மயிரை ஊட்டப்பசையில் வைத்துப் பூஞ்சை முளைக்கிறதா எனப் பார்ப்பது) அனுப்பினார். முளைத்தது.

"ஒரு வருசத்துக்கு மேலயும் உயிரோட கிடக்கும், ஐயா. நீங்கள் சீப்பால ஒவ்வொரு நாளும் திருப்பித் தடவியிருக்கிறியள்."

வெட்கமாக இருந்தது. ஆனால், குற்றம் தாடியில் இல்லை.

"டின்னோட எரிச்சுவிடுங்கோ" என்றாள் மனைவி. என் உடம்பில் இருந்ததை எரிக்கமாட்டேன். அன்றே ஆழமாகப் புதைத்தேன். சீப்பை மாற்றினேன், தொப்பியையும் துவாயையும் அவித்தேன். தாடியோடே மூன்றாவது தடவையும் குளிசை எடுத்தேன். கடைசியாகப் பிடுங்கிய ஆறு மயிரிலும் ஒன்றுமில்லை.

உங்களுக்கும் இது வந்திருந்தால், வழிப்பதா என்பதை நீங்களே முடிவெடுங்கள். குளிசையை இடையில் விடாதீர்கள். உதிர்ந்ததைச் சேர்த்து வைக்காதீர்கள்.

எழுபத்துநான்கு வருடம் என் உடம்பு தோலோடு முடிகிறது என்று நினைத்திருந்தேன். இப்போது உதிர்ந்த ஒரு மயிரைக் கையில் எடுத்தால், முடிந்துபோன ஒன்றாகத் தெரிவதில்லை. அதற்கு இன்னும் ஒரு வருடம் இருக்கலாம். எனக்கு எவ்வளவு என்று தெரியாது. அன்றன்றே மண்ணில் மூடிவிட்டு, முகத்தில் மிச்சமிருக்கும் தாடியைக் கோதிக்கொண்டு தொழப் போகிறேன்.