துணியில் தைத்த அகரம்

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சரக்குகளுக்கான ஆவணங்களைத் தயார் செய்வது என் வேலை. கணவர் சரக்குக் கப்பலில் என்ஜினியர். வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில் இருப்பார். அலுவலகம் விட்டு வீட்டுக்கு வந்தால் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. அப்படியான ஒரு காலத்தில்தான் கட்டற்ற மென்பொருள் குழு ஒன்றில் போய்ச் சேர்ந்தேன். யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்த்துத் திருத்தலாம் என்று விடப்பட்ட மென்பொருள்களைத் தமிழுக்குக் கொண்டுவருகிறவர்கள் அவர்கள். எல்லாரும் அவரவர் பிழைப்புக்கு நடுவில் இதைச் செய்பவர்கள்.

குழுவில் எனக்கு நெருக்கமான குரல்கள் இரண்டு. ஒன்று காயல்பட்டினத்துப் பெண். கம்ப்யூட்டர் படித்தவள், என்னைவிட இளையவள், கணவர் துபாயில் இருக்கிறார். அவள் மொழிபெயர்ப்பாள். இன்னொருவர் விளாத்திகுளம் பக்கத்து அரசுப் பள்ளியில் சரித்திர ஆசிரியர். கல்லூரியில் படிக்கும்போது ஒரு காய்ச்சலில் அவருக்குப் பார்வை போய்விட்டது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் தமிழைச் சரியாக உச்சரிக்கிறதா என்று கேட்டுச் சொல்வது அவர் பங்கு.

இந்த இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. செய்துகொண்டிருக்கும் ஒரு காரியத்தை நிறுத்துவதற்கான பொத்தானில் என்ன எழுதுவது என்பதுதான் சண்டை. அவள் 'ரத்து செய்' என்பாள். அவர் 'கைவிடு' என்பார். மாதக்கணக்கில் மின்னஞ்சலில் நடந்தது. "கைவிடுன்னு போட்டா எவளோ ஒருத்திய எவனோ கைவிட்ட மாதிரில்லா இருக்கு" என்று அவள் எனக்குத் தனியாகக் குரல்பதிவு அனுப்புவாள். "ரத்துன்னு மெஷின் சொல்லும்போது ஸ்டேஷன்ல ரயில் ரத்துன்னு சொல்லுத மாதிரில்லா கேக்குது" என்று அவர் அனுப்புவார். இரண்டுக்கும் 'ம்' போட்டுவிட்டு நான் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

குழுவின் வருடாந்தரக் கூடுகையை எங்கள் ஊர்க் கல்லூரி ஒன்றில் வைப்பது என்று முடிவானபோது, வருகிறவர்களுக்குக் கொடுக்க டீ-ஷர்ட், துணிப்பை, பேட்ஜ் எல்லாம் தயார் செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. உள்ளூர்க்காரி என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கு இல்லை.

முதலில் அச்சுக் கடைக்குத்தான் போனேன். மாதிரிக்கு ஒரு டீ-ஷர்ட் அடித்துத் தந்தார்கள். நெஞ்சில் 'கட்டற்ற மென்பொருள்' என்று இருக்க வேண்டும். 'மென்' என்பதில் கொம்பு 'ம'வுக்குப் பின்னால் போய் நின்றது. 'பொ' மூன்று துண்டாகக் கிடந்தது. கடைக்கார அண்ணாச்சி சங்கடப்பட்டார்.

"கம்ப்யூட்டர்ல சரியாத்தாம்மா தெரியுது. அடிக்கும்போது இப்படி வருது. யாரும் இதெல்லாம் பாக்கவா போறாவ?"

கணினியில் தமிழ் எழுத்து உடையாமல் வர வேண்டும் என்று எங்களில் சிலர் எத்தனையோ வருஷம் உழைத்திருக்கிறார்கள். எங்கள் சட்டையிலேயே எழுத்து உடைந்து வந்ததைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். ஒரு மணி நேரம் எல்லாரும் சிரித்தார்கள். எழுத்தைப் படமாக மாற்றிக் கொடுத்தால் தீர்ந்துவிடும் விஷயம்தான். மாற்றவும் உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் காயல்பட்டினத்துத் தங்கச்சி எழுதினாள்: "டீ-ஷர்ட்ட விடுங்க அக்கா. பையும் பேட்ஜும் நாமளே செஞ்சா என்ன?"

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு ஹாலில் துணி விரிந்தது. அவள் காலை பஸ்ஸில் வந்துவிடுவாள். பக்கத்திலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வருவார்கள். வெள்ளைக் காடாத் துணியை வெட்டிப் பையாகத் தைத்தோம். குழுவின் சின்னம் ஒரு வட்டத்துக்குள் 'அ'. அதை அச்சிட அட்டை வெட்டினால் இரண்டாவது பையிலேயே சாயத்தில் ஊறிப்போனது. ஊறாத தகடு வேண்டும் என்று வீட்டைத் துழாவியபோது பீரோவுக்கு மேலே என் கணவரின் முழங்கால் எக்ஸ்ரே கிடைத்தது. பிளேடால் அதில் 'அ' வெட்டினோம். சுழிக்குள் இருக்கும் துண்டு கழன்று விழுந்துவிட்டதால், அடுத்த பிலிமில் அது பிடித்துக்கொள்ள மெல்லிய இரண்டு பாலம் விட்டு வெட்டினோம். கப்பலிலிருந்து வீடியோவில் கூப்பிட்ட கணவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"ஏளா, அது என் முட்டில்லா?"

"ஆமா. நல்லா அச்சு விழுது."

"வலது முட்டியா எடது முட்டியா?"

"ரெண்டும்" என்றாள் தங்கச்சி எனக்குப் பின்னாலிருந்து. மனிதர் கடலுக்கு நடுவில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பேட்ஜுக்கு வட்டமாகத் துணி வெட்டி, அதே 'அ'வைச் சின்னதாக அச்சிட்டு, உள்ளே அட்டை வைத்து மூடி, பின்னால் ஊக்குத் தைக்க வேண்டும். ஐப்பசி மழை ஆரம்பித்திருந்தது. சாயம் காயவில்லை. ஒரு தட்டு நிறைய பேட்ஜில் சாயம் இழுபட்டு ஈசிப் போய்விட்டது. தூக்கிப் போட மனசில்லாமல், ஈசின இடம் தெரியாதபடி அவள் எழுத்தின் மேலேயே தடித்த நூலால் சங்கிலித் தையல் போட ஆரம்பித்தாள். சின்ன வயதிலிருந்து தலையணை உறைக்குப் பூப்போட்ட கை.

அந்த வாரம்தான் ஆசிரியர் கூப்பிட்டார். "எல்லாரும் வேல செய்யுதிய. நான் மட்டும் சும்மா இருந்து பை வாங்கிக்கிட முடியுமா? நானும் வாரேன். எனக்கும் ஏதாவது குடுங்க."

வரச் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு உள்ளூரப் பயம். கண் தெரியாதவருக்கு ஊசியும் பிளேடும் கிடக்கிற ஹாலில் என்ன வேலை கொடுப்பது என்பது ஒன்று. இந்த இரண்டு பேரையும் ஒரே வீட்டுக்குள் வைத்து எப்படிச் சமாளிப்பது என்பது இன்னொன்று. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஸ்கூட்டரில் அவரைக் கூட்டிவந்தேன். ஒரு கையில் மடக்குக் கம்பு, இன்னொரு கையில் மிக்சர் பொட்டலம். வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்கதான் கைவிடு சாரா?"

அவர் குரல் வந்த பக்கம் திரும்பினார். "ரத்து மேடம். மழையில பஸ்ஸு ரத்தாயிரும்னு பயந்துக்கிட்டே வந்தேன்."

அவள் சிரித்துவிட்டாள். தானே அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். அன்றைக்கு முழுவதும் இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த வாரம் மின்னஞ்சலில் திரும்பவும் ஆரம்பித்தார்கள் என்பது வேறு விஷயம்.

பேட்ஜுக்குப் பின்னால் ஊக்கை வைத்துத் தருவது அவர் வேலையானது. தைப்பது கல்லூரிப் பிள்ளைகள். நான் அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். ஹாலில் திடீரென்று பேச்சு நின்றது. எட்டிப் பார்த்தேன். ஈசிப்போனதன் மேல் அவள் நூல் போட்டிருந்த பேட்ஜ் ஒன்று அவர் கையில் இருந்தது. ஆள்காட்டி விரல் அதன் மேல் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சுழியில் ஆரம்பித்து, கீழே வளைந்து, மேலே ஏறி, கோட்டில் இறங்கி நின்றது. மறுபடியும் முதலிலிருந்து போனது.

"இது அ" என்றார்.

தைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எழுத்தோட வடிவத்தப் பாத்து ரொம்ப வருசமாச்சு. பிரெய்லு படிக்கேன், மெஷின் படிக்கத கேக்கேன். ஆனா இந்த வளைவு..." பேட்ஜைத் திருப்பி ஊக்கைத் தேடினார். அவள் பேட்ஜை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள்.

"எல்லா பேட்ஜுக்கும் நூல் போட்டுரலாம் அக்கா" என்றாள் என்னிடம். அத்தனையையும் கையால் தைக்க நாள் போதுமா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. அன்றைக்கே எனக்கும் சங்கிலித் தையல் வந்தது. என் 'அ'க்கள் கொஞ்சம் இடுப்பு ஒடிந்துதான் இருந்தன.

டீ குடித்து முடித்த பிறகு அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மேடம், வேல கெடக்குன்னு தெரியும். ஒரே ஒரு பேரு தச்சித் தருவியளா? எம் மக பேரு."

"இதுக்கு என்ன சார், சொல்லுங்க."

"அவ பொறக்கும்போது எனக்குக் கண்ணு கெடையாது. பேரு நான்தான் வச்சேன். மனசுக்குள்ள எழுதிப் பாப்பேன். ஆனா எழுத்தெல்லாம் கொஞ்சங் கொஞ்சமா அழிஞ்சிட்டு வருது. அவ பேருல ஒரு 'ஜ' வரும். அது எப்படி வளையும்னு எனக்கு மறந்தே போச்சு. யார்ட்டயும் கேக்கல. அப்பனுக்கு மக பேரு எழுதத் தெரியலன்னு எப்படிச் சொல்லுதது?"

நான் ஒரு துண்டுத் துணியில் பென்சிலால் அந்தப் பெயரை எழுதினேன். நாள் முழுதும் ஏதாவது எழுதுகிற கைதான், ஆனாலும் இரண்டு தரம் அழித்து எழுத வேண்டியிருந்தது. அவள் ஜன்னல் ஓரம் போய் வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். நீல நூல் எடுத்தாள். அவர் நாற்காலியில் அசையாமல் இருந்தார். மழை விட்டு விட்டுப் பெய்தது. கல்லூரிப் பிள்ளைகள் கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

தைத்து முடித்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். முதல் எழுத்தைச் சட்டென்று சொல்லிவிட்டார். 'ஜ'வில் விரல் வெகுநேரம் நின்றது. உள்ளே போய், வெளியே வந்து, வால் எந்தப் பக்கம் போகிறது என்று தேடியது.

"இப்படியா போவுது" என்றார் மெல்ல. "நான் வேற மாதிரில்லா நெனச்சிட்டு இருந்தேன்." பிறகு முழுப் பெயரையும் வாய்விட்டுச் சொன்னார், பக்கத்து அறையில் இருக்கும் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி. துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

டம்ளர்களைக் கழுவ நான் அடுக்களைக்குப் போனேன். காயல்பட்டினத்தாள் என் பின்னாலேயே எழுந்து வந்து என் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எம் பிள்ளைவ பேர எத்தன தரம் எழுதியிருப்பேன் அக்கா. ஒரு தரங்கூட நின்னு பாக்கல" என்றாள்.

கூடுகை நாளன்று மழை இல்லை. கல்லூரி அரங்கின் வாசலில் மேஜை போட்டுப் பைகளை அடுக்கினோம். சில பைகளின் காதுகள் ஒன்று நீளம், ஒன்று குட்டை. சென்னையிலிருந்து வந்த ஒருவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே அடித்தீர்கள் என்று கேட்டார். வீட்டில் என்றேன். நம்பாமல் இன்னொன்று வாங்கிப் போனார். எக்ஸ்ரே விஷயத்தைச் சொல்லவில்லை.

ஆசிரியர் தன் மகளோடு வந்திருந்தார். பேட்ஜ் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டோம். வருகிற ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுத்து, "தொட்டுப் பாருங்க" என்று சொன்னார். கண் தெரிந்தவர்களும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சட்டையில் குத்திக்கொண்டார்கள். பார்வையில்லாத ஒரு பெண், பிறவியிலிருந்தே அப்படியாம், மதுரையில் வங்கி வேலை, பேட்ஜை வாங்கி விரலால் தடவிப் பார்த்துவிட்டு எங்கள் தங்கச்சியிடம் கேட்டாள்.

"இதுதான் அ-வா?"

"ஆமாங்க."

"நான் இத ரொம்பப் பெருசா நெனச்சிருந்தேன். எல்லாத்துக்கும் முதல்ல வாறதாச்சே" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆ எப்படி இருக்கும் என்று கேட்டாள். தங்கச்சி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் கையிலேயே விரலால் வரைந்து காட்டினாள். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் இரண்டு பேரும் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது 'ஔ'வைத் தாண்டி மெய்யெழுத்துக்குள் போயிருந்தார்கள்.

சாயங்காலம் நானும் தங்கச்சியும் ஆசிரியரையும் மகளையும் பஸ் ஏற்றிவிடப் போனோம். இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படிக்கிற பிள்ளை. அப்பாவின் கம்பைத் தானே மடக்கி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்ப நேரம் இருந்தது. நாங்கள் கீழே நின்றோம். அவள் அப்பாவின் கையை இழுத்து விரித்து, அதில் விரலால் ஏதோ எழுதினாள். அவர் தலையைச் சாய்த்துக் கவனித்து ஒரு வார்த்தை சொன்னார்.

"இல்லப்பா, தப்பு" என்றாள். "நான் முட்டாய்னு எழுதுனேன்."

"வேகமா எழுதுனா எப்படித் தெரியும்? ஒவ்வொரு எழுத்தா எழுது."

அவள் முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாள். டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரனை அடித்தார். பஸ் மெதுவாகப் பின்னால் வந்து திரும்பியது. அவர் எங்கள் பக்கம் கையசைக்க நினைத்திருக்க வேண்டும், ஆனால் கை மகளிடம் இருந்தது. பஸ் போன பிறகும் நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதது ஞாபகம் வந்து, எதிர்க் கடைக்கு வடை தின்னப் போனோம்.