சுவிட்ச் போட்ட அன்று

தருமபுரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக் கொடுக்கும் ஆபரேட்டராக இருந்தேன். சின்ன வயதிலேயே சீழ் பிடித்து இடது காது போய்விட்டது. வலது காதை வைத்துத்தான் பிழைப்பு. அந்தக் காதுக்குள் கட்டி வந்தது. மெட்ராசில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கட்டியோடு கேட்பதும் போயிற்று. என்னை பில் பிரிவுக்கு மாற்றினார்கள்.

"உசுரு பொழைச்சதே பெருசு" என்று பார்க்க வந்தவர்கள் சொன்னதை உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டேன். எல்லோரும் அதையே சொன்னதால் சிரமமில்லை. எரிச்சல்தான் வந்தது.

எண்பதுகளின் கடைசியில், கட்டியை எடுத்த அதே மெட்ராஸ் டாக்டர் கூப்பிட்டனுப்பினார். காதுக்குள் மெல்லிய கம்பி வைத்து, மின்சாரத்தால் நரம்பைத் தூண்டும் கருவி வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறதாம். என் நரம்பு வெட்டுப்படாமல் தப்பியிருந்ததால் வைத்துப் பார்க்கலாம் என்றார். முன்பு போலக் கேட்காது என்று எழுதியும் காட்டினார். தலையாட்டினேன். மனசு மட்டும் அப்போதே எக்ஸ்சேஞ்சில் பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டது.

கம்பி வைத்த காயம் ஆறியதும் சுவிட்ச் போட்டார்கள். இடுப்பில் டிரான்சிஸ்டர் ரேடியோ அளவுக்கு ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒயர். எதிரே என் கணவர்.

"கேக்குதா?"

தகரத்தைக் கரண்டியால் சுரண்டுவதுபோல ஏதோ வந்தது. நாற்காலியை நகர்த்தினாலும் அதே சுரண்டல், டாக்டர் இருமினாலும் அதே.

"சத்தம் கேக்குதுங்க. நீங்க பேசறது கேக்கலீங்க."

என் குரலும் அப்படியேதான் சுரண்டியது. அவர் முகம் தொங்கிப் போயிற்று.

எங்கள் ஊர் பொம்மிடிக்கு வந்ததும் மாமியார் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு என் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "அப்பறம் எதுக்கு வெச்சாங்களாம்?" எனக்கும் தெரியவில்லை. பெட்டியைக் கழற்றி அலமாரியில் போட்டேன்.

கணவர்தான் எடுத்து வந்து மறுபடி மாட்டினார். சாயங்காலம் எதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, "மாடா, பாடா?" என்பார். உதட்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பெட்டியின் சத்தத்தையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். தப்பாகச் சொல்லிச் சொல்லி எனக்கு அழுகை வரும். அவருக்குக் கோபம் வரும். "இன்னிக்குப் போதும்" என்று எழுந்து போய்விடுவார். மறுநாள் மறுபடி உட்காருவார்.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் பேச்சு மட்டும் எழுதிக் காட்டாமலே பிடிபட்டது. டெலிபோனில் எதுவும் பிடிபடவில்லை. ஆபரேட்டர் வேலை போனது போனதுதான். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே பேசும் மாமியாரிடமும் கடைசிவரை தோற்றுத்தான் போனேன்.