லவினியா எத்தனையாம் புத்தகம்?

"இப்ப நீ எத்தினையாம் பக்கம்?"

செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில், ஜேர்மனியின் வுப்பர்டால் நகர இசைப்பள்ளியின் மாடி நடையில் நவரத்தினம் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கேட்கப்படுபவள் கூடப் பழகுகிற கவிசா. ஒன்பது வயது. வாங்கில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு பிஸ்கட் தின்பாள். அவருக்கு அறுபத்தேழு. இருவருக்கும் ஒரே ரீச்சர், ஒரே பியானோ, ஒரே இரண்டாம் புத்தகம்.

"சொனாட்டினாப் பாட்டுத் தொடங்கீட்டன் தாத்தா. பெடலோடை."

நவரத்தினத்தின் முகம் சுண்டிப் போகும். "பெடலுக்கு உனக்குக் கால் எட்டாதே."

"ரீச்சர் பெட்டி வச்சுத் தந்தவ."

"பெட்டி வச்சு மிதிச்சா அது கணக்கில்லை."

"நீங்கள் இன்னும் மினூவெட்டோ? அது நான் கோடை லீவுக்கு முதலே முடிச்சிட்டன்."

"முடிச்சனியோ, பாய்ஞ்சனியோ? இடக்கை ஓடுற இடத்தை வாசிச்சுக் காட்டு பாப்பம்."

அவள் பிஸ்கட்டை வாயில் கவ்விக்கொண்டு முழங்கால் மீது விரல்களை ஓட்டிக் காட்டுவாள். பிழை இருக்காது. அவர் யன்னலுக்கு வெளியே தொங்குரயிலைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனுசன். இந்த நாட்டுக்கு வந்து உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு கடை போட்டு, வெண்டிக்காயும் நெத்தலிக் கருவாடும் விற்றே தலை நிமிர்ந்தவர். ஜேர்மன்காரரின் டொச்சு மொழியைக் கூடப் பெட்டி இறக்கியபடியே காதால் பிடித்தார். அப்படிப்பட்டவர் இந்த வயதில் பியானோவுக்கு முன்னால் போய்க் குந்தினால், படித்தவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். கோயிலில் ஒருவன் கேட்டான்: "என்ன அண்ணை, செத்தவீட்டுக்கு வாசிக்கப் பழகிறியளோ?" நவரத்தினம் திருநீறு பூசியபடியே சொன்னார்: "ஓம், பழகிறன். உன்ரைக்கு இனாம். நாளைச் சொல்லு."

முதல் மாதம் கடையில் மிஞ்சிய விலை ஒட்டிகளில் ஒன்று, இரண்டு என்று இலக்கம் எழுதிப் பியானோக் கட்டைகள் முழுக்க ஒட்டி வைத்தார். வெரோனிக்கா ரீச்சர் சொல்லித்தான் நகத்தால் சுரண்டி எடுத்தார். வலக்கை மோதிர விரல் அவருக்கு வளையாது. உறைந்த மீனை வெட்டுகிற வாள் பார்த்த வேலை அது. "அந்த விரலை விட்டிட்டு வாசியுங்கோ" என்று ரீச்சர் வேறு வழி எழுதிக் கொடுத்தாள். அவர் அதைத் தொடவில்லை. "என்ரை பிள்ளை அஞ்சு விரலாலையும் வாசிச்சவள். நானும் அஞ்சாலைதான்."

பிள்ளை என்றது சிவானுஜாவை. பியானோ அவளுக்காக வந்தது. தெரிந்த குடும்பத்து ஸ்ரனிஸ்லாசின் மகள் லவினியா ஒரு பிறந்தநாள் விழாவில் வாசித்தாள், சனம் கைதட்டியது, அடுத்த மாதமே நவரத்தினம் வீட்டு வரவேற்பறையில் பியானோ நின்றது. அதன்பிறகு சாமத்தியவீடோ, ஒளிவிழாவோ, தாய்தகப்பன்மார் சந்தித்தால் முதல் பேச்சு புத்தக இலக்கம்தான். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே இவர் சொல்லுவார்: "லவினியா மூண்டாம் புத்தகமாம். நீ இன்னும் ரெண்டிலை நிக்கிறாய்." பிள்ளை முன்னுக்கு வரவேண்டும் என்று நினைக்கிற தகப்பன் வேறென்ன சொல்லுவான்?

பதின்மூன்று வயதில், மினூவெட்டின் நடுவில் சிவானுஜா மூடியைச் சாத்தினாள். பிறகு திறக்கவேயில்லை. படிக்கவென்று கார்ல்ஸ்ரூஹே நகரத்துக்குப் போனவள் அங்கேயே வேலை எடுத்துத் தங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தாயோடு கதைப்பாள். "அப்பா பக்கத்திலை நிக்கிறாரோ?" என்று கேட்பாள். நிற்கிறார் என்றால், "சரி அம்மா, பிறகு எடுக்கிறன்."

கடையை விற்ற கிழமையே நவரத்தினம் பியானோவைத் திறந்தார். மகள் நிறுத்திய பக்கத்தில் பழைய ரீச்சர் பென்சிலால் போட்ட வட்டம் அப்படியே கிடந்தது.

"பெத்த பிள்ளையோடை போட்டியே?" என்றாள் மனைவி நாகலட்சுமி.

"போட்டியில்லை. ஏலாது எண்டு விட்டிட்டுப் போனாள். ஏலும் எண்டு காட்டோணும். பிறகு ஒரு சொல்லுச் சொல்லுறாளோ இல்லையோ பாப்பம்."

அந்தச் சொல்லுக்காகத்தான் இவ்வளவும். வெளியே கேட்டால், "சும்மா பொழுது போக்கு" என்பார்.

மினூவெட் பழைய ஆட்ட மெட்டு. கேட்க இலேசாக இருக்கும். வாசிக்கப் போனால் இரண்டு கையும் இரண்டு மாடு போலத் திசைக்கொன்றாக இழுக்கும். குளிர்காலம் முழுக்க அவர் அந்த ஒரு பக்கத்தோடு மல்லுக்கட்டினார். மேல் வீட்டு டொச்சுக் கிழவி தடியால் நிலத்தில் இடித்தாள். இவர் இன்னும் ஓங்கி அடித்தார்.

போன செவ்வாய்க்கிழமை தலை முதல் கால் வரை பிசகாமல் வாசித்து முடித்தார். வெரோனிக்கா ரீச்சர் பக்கத்தின் கீழே சரி போட்டாள். கதவுக்கு வெளியே காத்திருந்த கவிசா, "ஒரு பிழையும் விடேல்லை தாத்தா" என்றாள். "உன்னைப் போலப் பெட்டி வச்சே வாசிச்சனான்?" என்று கேட்டபடி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படியிறங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் தொலைபேசியை மனைவியிடம் நீட்டினார். "குரல்பதிவு மட்டும் எடு. முகம் வேண்டாம். முதல்ல கேக்கட்டும். ஆரெண்டு பிறகு சொல்லுவம்."

மறுபடியும் வாசித்தார். நன்றாகவே வந்தது. தன்னுடைய இலக்கத்திலிருந்தே மகளுக்கு அனுப்பினார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவர் அனுப்பிய முதல் செய்தி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பியானோவின் முன்னாலேயே இருந்தார். நீலக் கோடு விழுந்தது. அவள் கேட்டுவிட்டாள்.

தேநீர் ஆறிய பிறகு பதில் வந்தது. நாகலட்சுமி எட்டிப் பார்த்து வாசித்தாள்.

"லவினியாவோ வாசிக்கிறது? இன்னும் அவளைத்தானோ எனக்குக் காட்டுறியள், அப்பா?"



"இஞ்சாருங்கோ, நான்தான் வாசிச்சனான் எண்டு எழுதுங்கோவன்" என்றாள் நாகலட்சுமி. "ஒரு வரி. நான் எழுதவே?"

"விடு. நான் எழுதுறன்."

அவர் தொலைபேசியைக் கண்ணுக்கு அருகில் பிடித்தார். வளையாத அந்த விரலாலேயே, ஒவ்வொன்றாகத் தேடி, மகளின் இரண்டு கேள்விக்கும் சேர்த்து இரண்டே எழுத்தை அழுத்தி அனுப்பினார்.

"ஓம்."