கேம்ப் ஜட்ஜ் சொன்ன தீர்ப்பு

துபாய் பக்கம் புஜைராவில் எண்ணெய் டேங்குகளுக்குச் சாரம் கட்டும் வேலையில் இருந்த எட்டு வருஷத்தில் ஐந்து வருஷம் நான் எங்கள் லேபர் கேம்ப்பின் ஜட்ஜ். சிரிக்காதீர்கள், தேர்தலில் ஜெயித்துத்தான் வந்தேன். அடிதடியோ திருட்டோ, போலீஸுக்குப் போனால் இரண்டு பக்கமும் விசா கேன்சல் ஆகிவிடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அதனால் வருஷத்துக்கு ஒருமுறை தமிழ் ஆட்கள் மெஸ் ஹாலில் கூடி, துண்டுச் சீட்டில் பேர் எழுதிப் போட்டு, நியாயம் சொல்ல ஒருவரைத் தேர்ந்தெடுப்போம்.

எங்கள் சட்டத்தில் பெரிய தண்டனை மெஸ்ஸிலிருந்து நீக்குவது. பத்துப் பேர் சேர்ந்து பொங்கிச் சாப்பிடும் கூட்டுதான் மெஸ். நீக்கப்பட்டவன் தனியாகப் பொங்கித் தனியாகத் தின்ன வேண்டும். அவனோடு யாரும் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

என் நான்காவது தேர்தல் வந்துகொண்டிருந்தது. ஒரு வாரம்தான் பாக்கி. டூட்டி நேரத்தில் டேங்க் நிழலில் தூங்கிய ஒருவனைக் கம்பெனி கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிட்டது. அவனுடைய சொந்தக்காரர்கள் பன்னிரண்டு பேர் கேம்ப்பில் இருந்தார்கள். அதே ஊர்க்காரனான அவனுடைய ரூம்காரன்தான் காட்டிக்கொடுத்தான் என்று திரண்டு வந்தார்கள். அன்று மதியம் ரூம்காரன் ஆபீசிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்தார்களாம்.

"பூட்ஸ் கிழிஞ்சுபோச்சு, புதுசு கேக்கப் போனேண்ணே. ஆபீஸ்லயே கேட்டுப் பாருங்க" என்றான் அவன்.

கேட்டிருக்கலாம். ஆபீஸ் கூப்பிடு தூரம். கேட்டு, அவன் சொன்னது உண்மை என்று வந்துவிட்டால் பன்னிரண்டு ஓட்டு போய்விடும். அன்றைக்கு இவ்வளவு பச்சையாக நினைக்கவில்லை. நேரம் இல்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீக்கம் என்று தீர்ப்புச் சொன்னேன். அடுத்த வாரம் ஜெயித்தேன்.

தீர்ப்பு அன்றே வாட்ஸ்அப்பில் ஊருக்குப் போய்விட்டது. இங்கே அவன் சின்னக் குக்கரில் ஒரு பிடி அரிசி போட்டு, கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டான். ஆடியில் அவன் அம்மா இறந்தாள். லீவு கிடைக்கவில்லை. துக்கம் கேட்கப் போனால் ஜட்ஜ் இளகிவிட்டார் என்பார்களே என்று நான் அந்த ரூம் பக்கமே போகவில்லை. என்ன மனுஷன் நான்!

அடுத்த தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்பு, சூப்பர்வைசர் பேச்சுவாக்கில் ஹிந்தியில் ஒன்று சொன்னார். தூங்கியவன் மாட்டியது கேமராவிலாம். யாரும் போய் எதுவும் சொல்லவில்லையாம்.

தேர்தல் அன்று எல்லோர் முன்னாலும் எழுந்து, நான் சொன்னது தப்பான தீர்ப்பு, ரூம்காரனைத் திரும்ப மெஸ்ஸில் சேர்க்க வேண்டும் என்றேன். காறித் துப்புவார்கள் என்று நினைத்திருந்தேன். கை தட்டினார்கள்.

"ஜட்ஜுன்னா இப்படி இருக்கணும்யா!" என்று கத்தியவன் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன்.

எதிர்த்து நின்றவர்கூடப் பேரை வாபஸ் வாங்கிக்கொண்டார். ரூம்காரன் மட்டும் எழுந்து வெளியே போனான். நான் பின்னாலேயே ஓடினேன்.

"மன்னிச்சிரு தம்பி. உள்ள வா, சாப்பிடலாம்."

அவன் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"இங்க மாத்திட்டீங்கண்ணே. ஊர்ல யாரு மாத்துவா? காட்டிக்குடுத்தவன் வீடுன்னு அம்மாவத் தூக்க நாலு ஆம்பள வரல. ஒரு பக்கம் என் பொஞ்சாதியும் அவ தங்கச்சியும்தான் தூக்கிட்டுப் போனாங்க."

உள்ளே கைத்தட்டல் இன்னும் நிற்கவில்லை. ஜெயித்த ஜட்ஜைத் தேடி இரண்டு பேர் மாலையோடு வெளியே வந்தார்கள்.