சுருவம் சரிஞ்ச நாளும் என் கண் தப்பின விதமும்

போன வருஷம் ஆனித் திருவிழா. கொட்டாஞ்சேனைத் தெருவில, என் தோளில இருந்த அந்தோனியார் சிலை, எங்கட சுருவம், சரிஞ்சுது.

பதினெட்டு வருஷமா சுருவம் தூக்கிற முன்பக்க இடது கம்பு என்னுடையது. அண்டைக்கு ரோட்டோரக் கட்டு கண்ணில படல்ல. இடறிட்டன். பின்னால தூக்கின அன்ரன்தான் பிடிச்சு நிமித்தினான்.

"என்ன அண்ணே, ரெண்டு போட்டிட்டா வந்தனீங்க?" எண்டான். எல்லாரும் சிரிச்சாங்க. நான் குடிக்கிறவன் இல்ல.

வீட்ட போய் வலது கண்ணைப் பொத்திப் பார்த்தன். இடது கண்ணில ஓரமெல்லாம் மங்கல். நான் துறைமுகத்தில போர்க்லிஃப்ட் ஓட்டுறவன். கண் போனா நான் முடிஞ்சன்.

கண் கிளினிக்குக்குப் போனன், குளுக்கோமா எண்டாங்க. கண்ணுக்குள்ள பிரஷர். போன பார்வை திரும்பாதாம், மிச்சத்தைக் காப்பாத்தலாமாம். சொட்டு மருந்து தந்தாங்க. இங்கதான் நான் பிழை விட்டன். கண்ணுக்கு மருந்தும் ஊத்தினா விசுவாசம் குறைஞ்ச மாதிரி எண்டு நினைச்சு, கோயில் எண்ணெயை மட்டும் கண்ணில பூசினன். செவ்வாய் தவறாம நவநாள் செபத்துக்குப் போய் அழுதன். பிரஷர் இன்னும் ஏறிச்சு.

கிளினிக்கில எண்ணெய்க் கதையைச் சொன்னன், டொக்டர் அம்மா கோபிக்கல்ல. "ஐயா, எண்ணெயை நெத்தியில பூசுங்க. கண்ணுக்கு நான் பார்க்கிறன்" எண்டாங்க.

எனக்கு அது அந்தோனியாரே சொன்ன மாதிரி இருந்துது.

லேசர் ரெண்டு வகை எண்டாங்க. கண்ணுக்குள்ள தண்ணி போற வாசல் மூடியிருந்தா சின்ன ஓட்டை போடுவாங்களாம். எனக்கு வாசல் திறந்துதான் இருந்துது. வடிகால்தான் சரியா ஓடல்ல. அதை வெளிச்சத்தால தட்டி விடுவாங்களாம்.

மெஷினில நாடியை ஊண்டி முகத்தை வச்சன். பச்சை வெளிச்சம் டிக், டிக். ஒவ்வொரு டிக்குக்கும் "ஆண்டவரே, மிச்சத்தைத் தாரும்" எண்டன். பத்து நிமிஷம் ஆகல்ல. வெட்டில்ல, தையலில்ல!

ஆறு கிழமை கழிச்சுப் பார்த்தாங்க. "ஐயா, பிரஷர் இறங்கிட்டுது!"

வாய் திறக்காத நான் கத்திட்டன், "அல்லேலூயா!" பக்கத்தில இருந்த முஸ்லிம் அம்மா "அல்ஹம்துலில்லாஹ்" எண்டாங்க. கிளினிக்கே சிரிச்சுது.

சொட்டு மருந்து இப்பவும் உண்டு. செக்கப்பும் உண்டு. மருந்து விட முதல் நெத்தியில சிலுவை போடுவன்.

இந்த ஆனியில திரும்பவும் தூக்கினன்! இடது கம்பை அன்ரனிட்ட குடுத்திட்டு, நல்ல கண் இருக்கிற வலது பக்கம் போனன். "கட்டு வருது அண்ணே" எண்டு அவன் சொல்லிச் சொல்லி வந்தான். சுருவம் அசையவே இல்ல.

செபியுங்கோ. கேட்பார். அவர் கிளினிக் வழியா வந்தா, கதவைச் சாத்தாதீங்கோ.