பன்னிரண்டாவது கிளிஞ்சல்

பழவேற்காட்டில் ஒல்லாந்துக்காரர் கொடி பறந்த நாட்களில், கோட்டைத் துறையில் இருபது வருஷம் துணிமூட்டை தூக்கியவர் தேசப்பன். முழங்கால் மக்கர் செய்ததும் வீட்டோடு உட்கார்ந்தார். உட்கார்ந்த மனிதர் சும்மா இருந்திருக்கலாம். ஊருக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை.

மூட்டை தூக்கிய காலத்தில் காதைத் தீட்டி வைத்திருந்தார். நெசவாளி கைக்கு என்ன வருகிறது, தரகன் கைக்கு என்ன போகிறது, அதே துணி கப்பல் ஏறும்போது என்ன விலை என்று கேட்டுக் கேட்டு, இந்த உலகத்தில் பங்கு பிரிப்பதில் பெரிய கோளாறு இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்ததை வளர்ந்த ஆட்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுக்காமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை ஏரியில் யாரும் வலை போடமாட்டார்கள் என்பதால் வெள்ளி காலையில், அம்மன் கோயில் எதிரே புங்கமரத்தடியில் பாடம். வலைக்காரரும் வரலாம், கையால் இறால் பிடிப்பவரும் வரலாம், ஆணும் வரலாம், பெண்ணும் வரலாம். வராதவர்களை வீடு தேடிப் போய் இழுத்து வருவார். அவர் வீட்டுக்கு வந்தால் எழுந்து போகமாட்டார் என்று பயந்தே பலர் தாமாக வந்தார்கள்.

முதல் பாடத்துக்கு ஐந்து பேரை வரிசையாக நிறுத்தித் தன் தோள்துண்டைக் கைமாற்றச் சொன்னார். முதல் ஆள் நெசவாளி, கடைசி ஆள் கப்பல்காரன். துண்டு ஒவ்வொரு கையிலும் விலை ஏறிக்கொண்டே போனது. கடைசி ஆள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். அன்று முழுக்க வெறும் தோளோடு திரிந்த தேசப்பன், "பாத்தியா, இதான் வியாபாரம்" என்று எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொன்னார்.

இந்த வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து ஒருநாளும் வாய் திறக்காதவள் எல்லம்மா. இடுப்பளவு தண்ணீரில் குந்தி நகர்ந்து, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறாலும் நண்டும் பிடிக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவள். ஒரு வெள்ளிக்கிழமை, "ஏரி யாருது?" என்று தேசப்பன் வழக்கம்போலக் கேட்டார். "அம்மனுது" என்று எல்லோரும் வழக்கம்போலச் சொன்னார்கள். எல்லம்மா எழுந்து நின்றாள்.

"அம்மனுதுன்னா, நாங்க குந்துற எடத்துல எல்லாம் வலக்காரங்க வந்து 'ஏய், எழுந்து போ'னு ஏன் வெரட்றாங்க, ஐயா? எங்களுக்கு ஒரு எடம் கெடையாதா?"

நல்ல கேள்வி. தேசப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த வாரம் இதற்கு எல்லோரும் பார்க்கும்படி விளக்கம் தருவதாகச் சொல்லி அனுப்பினார்.

ஏரியில் வலை போட நல்ல இடங்கள் பதினொன்று. அந்த இடங்களைப் பாடு என்பார்கள். வலைக்குடும்பங்களும் பதினொன்று. ஆளுக்கொரு கிளிஞ்சலில் அடையாளம் கீறிக் கோயில் பானையில் போட்டு, வருஷத்துக்கு ஒருமுறை அம்மன் முன்னால் குலுக்கி எடுப்பார்கள். எந்த இடத்துக்கு எவர் கிளிஞ்சல் வருகிறதோ, அந்த வருஷம் அந்த இடம் அவருக்கு. குடும்பத் தலைவர்கள் அத்தனை பேரும் கூடியிருக்கும்போது பானையிலிருந்து வந்தது வந்ததுதான். அதை மாற்ற யாராலும் முடியாது. தேசப்பனுக்கும் ஒரு கிளிஞ்சல் உண்டு. அவர் ஏரியில் கால் வைத்துப் பல வருஷம் ஆகிறது. மச்சான் வலை போடுவான், பாதி மீன் இவர் வீட்டுக்கு வந்துவிடும். அவர் வீட்டில் உலை கொதித்ததே அந்தப் பாதியால்தான். இதைப் பற்றி மட்டும் அவர் பாடம் எதுவும் நடத்தியதில்லை.

அந்த வருஷத்துக் குலுக்கலுக்கு இன்னும் சில நாள் இருந்தது. மறு வெள்ளிக்கிழமை கோயில் பானையையே இரவல் வாங்கி வந்தார். பதினொரு கிளிஞ்சலோடு, நண்டு கீறிய பன்னிரண்டாவது ஒன்றையும் உள்ளே போட்டார். "இது எல்லம்மா கூட்டத்துக்கு. சும்மா வெளங்கறதுக்காக" என்றார். ஊரே வந்திருந்ததில் அவருக்கு ஒரே பூரிப்பு. முதலில் 'முகத்துவாரத்துப் பாடு' என்று கூப்பிட்டார். ஏரியும் கடலும் சேர்கிற அந்த இடத்துக்கு வந்தது நண்டுக் கிளிஞ்சல். கூட்டம் சிரித்தது. ஒவ்வோர் இடமாகக் கூப்பிட்டு முடித்ததும் பானையில் ஒன்று மிச்சம்.

"பாத்தீங்களா! புதுசா ஒருத்தர் வந்தா பழசுல ஒருத்தர் எழுந்துக்கணும். யாரு எழுந்துக்கணும்? ஒடம்பு நோவாம குந்திகினு பங்கு வாங்கறவன்தான எழுந்துக்கணும்?" என்று கணீரென்று கேட்டுவிட்டு, கடைசிக் கிளிஞ்சலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அது அவருடையது.

அதற்குள் ஊர்த் தலைவரான நாட்டார் வடிவேலு எழுந்து அம்மனைப் பார்த்துக் கைகூப்பிவிட்டார். "கோயில் பானை, பதினோரு தலைக்கட்டும் இருக்குது. இந்த வருசத்துக் குலுக்கல் முடிஞ்சுது" என்றார்.

"ஐயோ நாட்டாரே, இது வெறும் பாடம்!"

"நீ சொன்னது மெய்யா, பொய்யா? பொய்னு சொல்லு, திருப்பிக் குலுக்கலாம்."

தேசப்பன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். எல்லம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மெய்தான்" என்று முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் அவர் மனைவி நிறையப் பேசவில்லை. "நாயத்த வடிச்சு ஊத்து, துன்னலாம்" என்று மட்டும் சொன்னாள். மச்சான் வேறொருவர் வலைக்கு ஆளாகப் போய்விட்டான். தேசப்பன் கூரைக்கடியில் சுருண்டு கிடந்தார். இனி பாடமும் கிடையாது, மண்ணும் கிடையாது என்று சுவரிடம் சொல்லிக்கொண்டார். அவர் பக்கம் நியாயம் இருந்ததோ இல்லையோ, எனக்கு அந்த மனிதர்மேல் பரிதாபமாகத்தான் இருக்கிறது. சொன்ன சொல் தன் வீட்டு வாசலுக்கே வரும் என்று எந்த வாத்தியார் எதிர்பார்க்கிறார்?

அடுத்த வெள்ளி அவர் மரத்தடிக்குப் போகவில்லை. எல்லம்மாவே வாசலுக்கு வந்தாள்.

"இன்னா? பாடமா? என் வாயில மண்ணு வுழுந்தாச்சு, போ."

"பாடம் வேணாம், ஐயா. இந்த வாரம் பூரா முகத்துவாரத்துல குந்தி இறா புடிச்சோம். ஒருத்தரும் எங்கள எழுந்து போனு சொல்லல. எங்க நைனா காலத்துலேர்ந்து இதான் மொத தடவ. சொல்லணும்னு தோணுச்சு."

தேசப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிப் பார்த்தார். அடுப்பு எரியவில்லை.

"வர்ற வருசம் பானையில எங்க கிளிஞ்சல் இருக்குமா, ஐயா?"

அடுத்த வருஷம் அந்தக் கிளிஞ்சல் இல்லாவிட்டால் பதினொரு கிளிஞ்சலுக்குப் பதினொரு பாடு, அவருக்கும் ஒன்று நிச்சயம் கிடைத்துவிடும். அது அவளுக்கும் தெரியும். தேசப்பன் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வா, நாட்டார் வூட்டுக்குப் போலாம்."

"நீங்க பேசுவீங்களா?"

"நீ பேசு" என்றார் தேசப்பன். "நான் கூட நிக்கிறேன்."