ஏழு கராம்பும் ஒரு பாட்டும்

பத்து வயதில் பள்ளிக்கூடக் குழுப்பாட்டுப் போட்டிக்கு என்னையும் சேர்த்தார்கள். ஆள் குறைந்ததுதான் காரணம். இரண்டாம் நாள் ஒத்திகையில் டீச்சர் பாட்டை நிறுத்திவிட்டு என்னிடம் வந்து, "நீ வாய மட்டும் அசைம்மா, சத்தம் வேணாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நான் வாயை மட்டும் அசைத்தேன், எங்களுக்கு முதலிடம் கிடைத்தது. அதற்குப் பிறகு கோயில் பஜனையிலும் சரி, கல்யாண வீட்டிலும் சரி, என் வாய் அசையும், சத்தம் வராது. பெற்ற மகளைக்கூட முதுகில் தட்டித்தான் தூங்கவைத்தேன். வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

இப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. மாத்தளை டவுனில் ஒரு சரக்குக் கடையில் மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாம் தரம் பிரிக்கிறேன். போன வருடம் ஒரு நாடகக் குழு பாட்டு நாடகம் போடப்போவதாகவும், நடிக்க ஆள் எடுப்பதாகவும் போனில் செய்தி வந்தது. பஸ் ஸ்டாண்டில் நடக்கிற கதை. அதில் கடலை விற்கிற பெண்ணுக்குத் தனிப்பாட்டு ஒன்று இருந்தது. அந்தச் செய்தியை மூன்று தடவை படித்தேன். ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னால், நான் மட்டும் சத்தமாகப் பாட வேண்டும். வேடம் கிடைக்கிறதோ இல்லையோ, அது நடக்காமல் சாகக் கூடாது என்று நினைத்தேன். ஆசை யாரை விட்டது.

பாட்டையும் அனுப்பியிருந்தார்கள். பழகத்தான் இடமில்லை. வீட்டில் பாடினேன், பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி, "யாரு அழுவுறது?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் ஓட்டோ ஓட்டுகிறவர். இரத்தோட்டைப் பக்கம் போன ஒரு நாள் பின் சீட்டில் இருந்து பாடிப் பார்த்தேன். இரண்டாவது வளைவில் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, பின் டயரைக் குனிந்து பார்த்தார்.

"என்னங்க?"

"பிரேக் ஒரசுற மாதிரி ஒரு சத்தம்."

"அது நான்தாங்க."

"அப்படியா. அப்ப சரி" என்று நிம்மதியாக ஏறிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்று அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கவில்லை.

கடைசியில் கடையின் பின்னறையில் மிளகு மூட்டைகளுக்கு நடுவே நின்று பாடினேன். வரிக்கு இரண்டு தும்மல். கடை முதலாளி எட்டிப் பார்த்தார். அவர் முஸ்லிம், அதனால் அண்ணன் என்பதற்குப் பதிலாக நானா என்றுதான் கூப்பிடுவேன்.

"தொண்ட அடச்சிருக்கு தங்கச்சி. போற அன்னைக்கு ரெண்டு கராம்ப கன்னத்துல ஒதுக்கிக்கிட்டு போங்க. தொண்ட தெறந்துரும், இன்ஷா அல்லாஹ்."

இரண்டு என்றுதான் சொன்னார். பதினைந்து வருடமாகக் கராம்பில் கை வைத்தவளுக்கு இரண்டு எந்த மூலைக்கு? பாட்டில் ஏழு வரி. வரிக்கு ஒன்றாக ஏழு எடுத்துக்கொண்டேன். அதுவும் தலை உடையாதது, நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிவது, முதல் தரம். என் தொழில் திறமை முழுவதையும் காட்டிப் பொறுக்கினேன்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எனக்குப் பதினொன்றாம் நம்பர். எனக்கு முன்னால் போனவர்கள் கேட்காமலே இரண்டாவது பாட்டும் பாடினார்கள். பயத்தில் நான் கராம்பை ஒவ்வொன்றாகக் கடித்தேன். ஏழாவதைக் கடித்தபோது நாக்கு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. உதட்டைக் கிள்ளினேன், வேறு யாரையோ கிள்ளியது போல இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பதினொன்றைக் கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். கண்ணாடி போட்ட அம்மா, "எந்த ஊரு நீங்க?" என்று கேட்டார். சொன்னேன், மரத்த நாக்கில் ஊர்ப் பெயர் எனக்கே விளங்கவில்லை. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி, பாடுங்க."

வாயை அசைக்கப் பார்த்தேன். இருபத்தேழு வருடமாக நான் ஒழுங்காகச் செய்துவந்த வேலை அது ஒன்றுதான். அன்றைக்கு அதுவும் நடக்கவில்லை. உதடு திறந்தது திறந்தபடியே நின்றது, ஓரத்தில் எச்சில் வழிந்தது. ஓடிவிடலாமா என்றிருந்தது. என்னிடம் மிச்சம் இருந்தது சத்தம் மட்டும்தான். அதை விட்டேன்.

கடலை, பஸ், சில்லறை எல்லாம் ஒரே ஆவன்னாவாக வந்தது. கூரையில் இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. நான் நிறுத்தவில்லை. நாலாவது வரியில் பயம் போய்விட்டது. ஏழாவது வரி முடிந்தபோது இன்னும் ஏழு இருந்தாலும் பாடியிருப்பேன்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர். "ஒரு வார்த்தகூட வெளங்கலம்மா. வாயில என்ன?"

உள்ளங்கையில் துப்பிக் காட்டினேன். கராம்பு வாசம் மேசை வரைக்கும் போனது.

"அடுத்த ஞாயித்துக்கெழம திரும்ப வாங்க" என்றார். "வெறும் வாயோட வாங்க. ஆனா சத்தத்த மட்டும் கொறைச்சிராதீங்க."

வெளியே என் வீட்டுக்காரர் ஓட்டோவோடு நின்றார். "ரோட்டு வரைக்கும் கேட்டிச்சு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான் டயர பாக்கல" என்றார்.

சிரிக்கப் பார்த்தேன், உதடு வரவில்லை. அதனால் அழுதுவிட்டேன், அவ்வளவு சந்தோஷம். பிறகு பின் சீட்டில் ஏறி, வீடு வரைக்கும் பாடிக்கொண்டே போனேன்.